இரண்டு பேருக்கு ஒரு பை

மார்ச் 2

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா, உங்கள் முழங்கால் நலமா என்று தனித்தனியாக எழுதுங்கள். பை வந்து சேர்ந்தது. பார்சல்காரர் மூன்று மாடி ஏறிவந்து வாசலில் போட்டுவிட்டு, "உள்ள என்னம்மா, கருங்கல்லா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். திறந்து பார்த்தால் ஒவ்வொரு காலுறையையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியிருக்கிறீர்கள். டார்ச்சைத் தேடிக் கண்டுபிடிக்க நாலு சுற்றுக் காகிதம் பிரிக்க வேண்டியிருந்தது. கண்ணாடித் தம்ளர் கம்பெனியில் பேக்கிங் பிரிவையே கட்டி மேய்க்கிறவர் நீங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலுறை உடையாது, சம்பந்தி!

கைடு தம்பி எழுதியதை இன்னொரு தரம் படியுங்கள். இமயமலையில் ஒரு வாரம் நடை. சாமானைக் கோவேறு கழுதை சுமக்கும். இரண்டு பேருக்கு ஒரு பை. பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஒரு குண்டூசிகூட ஏறாது. என் பையனும் உங்கள் மகளும் நம்மோடு வந்திருந்தால் இரண்டு பை கிடைத்திருக்கும். ஏற்பாடெல்லாம் அவர்களே செய்துவிட்டு, "லீவு கிடைக்கல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று கழன்றுகொண்டார்கள். வேலை என்றால் வேலைதான், நாம் என்ன சொல்ல முடியும்.

உங்கள் மடக்கு முக்காலி, குடை, கூடுதல் துண்டுகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். என் வெந்நீர்ப் பையை வைத்திருக்கிறேன். ஆடம்பரம் என்று ஆரம்பிக்காதீர்கள், என் இடுப்புக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

போனில் பேசி முடித்துவிடலாமே என்று கேட்டிருந்தீர்கள். பகல் முழுக்கக் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, தண்ணீர் வராதவர்கள் எல்லோரிடமும் போனில் திட்டு வாங்குகிறேன். வீட்டிலும் மணி அடித்தால் எனக்குக் கொலைவெறி வருகிறது. திட்டுவதாக இருந்தால் எழுதித் திட்டுங்கள்.

பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
புகார்ப் பிரிவு சம்பந்தி


மார்ச் 9

பாசமுள்ள சம்பந்திக்கு,

முழங்கால் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. தினமும் கம்பெனியில் லிப்டைத் தொடாமல் மேலே ஏறி இறங்குகிறேன். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம், "அம்மா, மலைக்குப் போறீங்களா, இல்ல லிப்ட்காரர்கூடச் சண்டையா?" என்று கிண்டல் செய்கிறார்கள்.

பை வந்தது. தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். வெந்நீர்ப் பையைக் காலிசெய்துவிட்டு அனுப்பவேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? மூடி கழன்று, என் கம்பளி உடுப்பு எல்லாம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் வருவதில்லை, எனக்கு மட்டும் பார்சலில் வருகிறது!

முக்காலியை விட்டுக்கொடுக்கிறேன். குடையை விட மாட்டேன். மழைச் சட்டை போதும் என்று கைடு தம்பி எழுதியிருக்கிறார், ஆனால் அவருக்கு இருபத்தைந்து வயது, நனைந்தால் காய்ந்துவிடுவார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்தப் பயணம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் சாப்பாடு கட்டாமல், யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்க்காமல், ஒரு வாரம் எனக்காக நான் நடக்கப்போகிறேன். அதுவும் எனக்குப் பிடித்த ஒருவரோடு. கல்யாணத்துக்கு முன்னால், "மாப்பிள்ளையோட அம்மா, பார்த்துப் பேசு" என்று எல்லோரும் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் உங்களிடம் பேசிய முதல் வார்த்தையே சண்டைதான். நீங்கள் சிரித்தீர்கள். அன்றோடு பயம் போயிற்று.

குடையோடு பையை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பேக்கிங் பிரிவு சம்பந்தி


மார்ச் 17

அன்புள்ள சம்பந்திக்கு,

குடை இருக்கட்டும், ஒழிகிறது. அதற்காக நான் வெந்நீர்ப் பையைத் தியாகம் செய்ய வேண்டியதாயிற்று என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். "இந்த வயசுல எதுக்கும்மா ரிஸ்க்?" என்றார். "உங்க வீட்டுல தண்ணி வரலைன்னா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டார். பூட்ஸ் வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் கம்பளி உடுப்பை நனைத்த பாவத்துக்கு ஒரு நீல ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். நல்ல கனமானது, வீட்டில் சும்மா கிடந்தது. உங்களுக்குப் பெரிதாகத்தான் இருக்கும், கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள். எடை போட்டேன், அதோடு சேர்த்து அளவு சரியாக இருக்கிறது. தயவுசெய்து இனி ஒரு பொருளைக்கூட மாற்றாதீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அன்புடன்,
புகார்ப் பிரிவு சம்பந்தி


மார்ச் 25

சம்பந்தி அம்மாவுக்கு,

பையைப் பிரித்ததும் ஸ்வெட்டர்தான் மேலே இருந்தது. அது நான் போன குளிர்காலத்தில் மாப்பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்தது. மேல் பித்தான் அறுந்துபோய், நீல நூல் கிடைக்காமல் கறுப்பு நூலில் நானே தைத்தேன். டிசம்பரில் நான் பார்த்தபோது அவர்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது துவைத்து மடித்து உங்கள் வீட்டிலிருந்து வருகிறது.

மாப்பிள்ளை உங்களோடுதான் இருக்கிறார், இல்லையா?

எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். பிரியப்போகிறோம் என்று மகள் ஜனவரியிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். அவர் எங்கோ தனியாக அறை எடுத்திருக்கிறார் என்றாள். "அத்தைக்கு இன்னும் தெரியாதும்மா, நீயும் சொல்லிடாதே" என்றாள். நான் நம்பினேன். மலைக்குப் போய்த் திரும்பும்வரையாவது நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகளைப் பற்றி எழுதும் இடம் வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவேன். நீங்கள் என்னவென்றால், பிள்ளையைப் பின்னறையில் வைத்துக்கொண்டே, "வேலை என்றால் வேலைதான்" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்!

என்னை இப்படி ஒரு முட்டாளாக யாரும் ஆக்கியதில்லை. வயிறு எரிகிறது.

பை இங்கேதான் இருக்கிறது. அனுப்பத் தோன்றவில்லை.

பேக்கிங் பிரிவு


ஏப்ரல் 1

சம்பந்திக்கு,

ஆமாம், பிப்ரவரியிலிருந்து இங்கேதான் இருக்கிறான். ஒரு பெட்டியோடு வந்து நின்றான். "அவங்க அம்மாவுக்குத் தெரியாது, நீ சொல்லிடாதே" என்று அவனும் அதையேதான் சொன்னான். உங்களைப் பாவம் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆக, ஒரே விஷயத்தை நீங்கள் என்னிடமிருந்தும் நான் உங்களிடமிருந்தும் ஒளித்துக்கொண்டு, காலுறைக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். உங்களுக்கு வயிறு எரிந்தால் எனக்கு மட்டும் குளிர்கிறதா?

என்னதான் நடந்தது என்று அவனைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அடித்தானா, குடித்தானா, ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தாலே எரிச்சலாம். "உனக்குப் புரியாதும்மா" என்கிறான். சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்கத் தெரியாதவனுக்குத் தெரிந்தது எனக்குப் புரியாதாம்.

உங்கள் மகள் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம். போன் என்றாலே ஓடுகிற நான் மூன்று தடவை அவளைக் கூப்பிட்டேன். சண்டை போட இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கத்தான். எடுக்கவே இல்லை. நாலு வருஷமாக "அத்தை, அத்தை" என்று என் பின்னாலேயே சுற்றிய பெண் அவள். என்ன விசேஷம் என்றாலும் புருஷனுக்கு முன்னால் எனக்குத்தான் சொல்வாள். அவன் வேண்டாம் என்றால் நானும் வேண்டாமா? இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

பையை அனுப்புங்கள். இன்னும் டார்ச்சுக்குப் பாட்டரி போட வேண்டும்.

புகார்ப் பிரிவு


ஏப்ரல் 8

சம்பந்திக்கு,

நான் வரவில்லை.

மகள் நேற்று இங்கே வந்துவிட்டாள். கூடத்தில் பை இருப்பதைப் பார்த்தாள். இன்னும் போவதாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். "நீ அவங்களோட போகக் கூடாது. போனா என் மூஞ்சில முழிக்காதே" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவ்வளவு கோபத்தோடு அவளை நான் பார்த்ததில்லை. காலையில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். காதில் வாங்கவே இல்லை.

நான் என்ன செய்ய முடியும்? பெற்றவள் நான். வாழ்க்கை உடைந்துபோய் வீட்டுக்கு வந்திருக்கிறவளை விட்டுவிட்டு மலையேறப் போனேன் என்றால் எனக்கே என்னைப் பிடிக்காது.

என் சாமானையெல்லாம் எடுத்துவிட்டேன். உங்களுடையதை ஒழுங்காக அடுக்கி, மருந்துகளை மேலே வைத்து அனுப்பியிருக்கிறேன். காகிதம் சுற்றவில்லை. இடம் இருக்கிறது, வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள்.

பேக்கிங் பிரிவு


ஏப்ரல் 13

சம்பந்திக்கு,

ஊர்ப்பட்ட புகாரை வாங்கிப் பதிவு செய்கிறவள் நான். இன்று என் புகாரை நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கைடு தம்பியிடம் கேட்டேன். தனியாக வந்தாலும் பரவாயில்லை, வேறொரு அம்மாவோடு கூடாரம் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வேறொரு அம்மாவோடு படுப்பதற்கு நான் எதற்கு மலைக்குப் போக வேண்டும்? எனக்கு இங்கேயே கட்டில் இருக்கிறது. நான் ஆசைப்பட்டது பனியைப் பார்க்க இல்லை, சம்பந்தி. உங்களோடு மூச்சிரைக்க நடந்து, வழி முழுக்க உங்களோடு சண்டை போட ஆசைப்பட்டேன். புருஷன் போன பிறகு எனக்குச் சண்டை போடக் கிடைத்த ஒரே ஆள் நீங்கள்தான். அதையும் இந்தப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் மகள் பக்கம்தான் நிற்க வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஒன்றே ஒன்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். அவள் என்னை இப்படி வெறுக்கிற அளவுக்கு நான் அவளுக்கு என்ன செய்தேன்? தெரிந்துகொண்டால் மனசு ஆறும்.

புகார்ப் பிரிவு


ஏப்ரல் 21

அன்புள்ள சம்பந்திக்கு,

கேட்டேன். கேட்க எனக்குத் தைரியம் வரச் சில நாள் ஆயிற்று. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அவங்க மேல உனக்கு ஏன்டி இவ்வளவு வெறுப்பு? பாவம், அந்த அம்மா உன்னை என்ன பண்ணினாங்க?" என்றேன்.

கையிலிருந்த தம்ளரை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "வெறுப்பா? நான் எப்போ வெறுப்புன்னு சொன்னேன்?" என்றாள். அதற்கு மேல் அவளால் நிறுத்த முடியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன்கிட்ட இருந்து விலகினா அவங்களையும் விடணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. போன் வந்துது. எடுத்தா அழுதுடுவேன்னு எடுக்கல. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது? நீ ஜம்முனு அவங்களோட மலைக்குப் போவே. சண்டை போடுவே, சிரிப்பே. திரும்பி வந்து எனக்குக் கதை சொல்லுவே. நான் உட்கார்ந்து கேட்டுக்கணும். நீ மட்டும் அவங்களை வச்சுக்குவே, நான் விட்டுடணுமா?"

சம்பந்தி, இத்தனை நாளும் அவள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து, நான் அவள் மேல் கோபமாக இருந்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? "அவங்களே உனக்கு எழுதுவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதுவீர்களா என்று உங்களைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

நான் வருவதா வேண்டாமா என்பதை இப்போது என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவளுக்கு எழுதுங்கள். விலாசம் என் விலாசம்தான்.

உங்கள்,
பேக்கிங் பிரிவு


ஏப்ரல் 26

அடி பெண்ணே,

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுத்து அழுதிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அழுகிறவர்களையே தினமும் பொறுமையாகக் கேட்கிறேன். நீ அழுதால் கேட்க மாட்டேனா? இத்தனை நாளும் என் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். உன்னை நேரில் பார்த்தால் இரண்டு போடுவேன்.

நீயும் அவனும் பிரிவதென்றால் பிரியுங்கள். அது உங்கள் இரண்டு பேர் விஷயம், நான் தலையிட மாட்டேன். சேர்ந்து இருங்கள் என்று உன்னை நச்சரிக்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் என் பெயர் கிடையாது. என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டாலும் போட மாட்டேன்.

கைடு தம்பியிடம் பேசிவிட்டேன். நீயும் அவனும் விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். மூன்று பேர் என்றால் இன்னொரு பை தருவாராம், உன் அம்மாவின் முக்காலிக்கும் விடிவு வந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பது பொய்தானே, அதனால் அந்தச் சாக்கு என்னிடம் செல்லாது. பூட்ஸை இப்போதே வாங்கி வீட்டுக்குள் போட்டு நட. புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தால் கொப்புளம் போடும், உன்னைத் தூக்க என்னால் முடியாது.

அவனிடமும் சொல்லிவிட்டேன். "அவளும் வர்றாளா? அப்ப நான் என்னம்மா நினைக்கிறது?" என்றான். "நீ ஒண்ணும் நினைக்க வேண்டாம், அந்தத் தட்டைக் கழுவி வை" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

நாம் கிளம்புகிற மே ஒன்பதாம் தேதி காலை ரயில் நிலையத்தில் நிற்பேன். உன் அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. உனக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் அவரையாவது அனுப்பு, போய்வந்து நானே உன்னைப் பார்க்க வருகிறேன். வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்காமல் இருந்தாயானால், வாசலில் உட்கார்ந்து தெருவே கேட்கிற மாதிரி கத்துவேன். நான் கத்தினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

உன் அத்தை