தலை தேய்ந்த திருகும் திங்கட்கிழமைப் படகும்

நவம்பர் 7, வெள்ளி

மானம் போயிற்று. என் வீட்டுக்காரர் கென்சாகுவுக்கு டயாலிசிஸ் முடிந்து அக்கரையிலிருந்து தீவுக்குத் திரும்பும்போது, வண்டிகள் ஏற்றும் படகின் சாய்தளத்தில் கார் நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், எஞ்சின் இருமி அணைந்துவிடுகிறது. பின்னால் மீன் லாரி, அதற்குப் பின்னால் ஆரஞ்சு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகள். மூன்று பேர் இறங்கி வந்து தள்ளி ஏற்றினார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்காரர் ஓகுஷி தணிவாகத்தான் சொன்னார். "அக்கா, இன்னொரு தடவை இப்படி நின்னா வண்டிய ஏத்த முடியாது. கோவிச்சுக்காதீங்க."

திங்கட்கிழமை மறுபடி போயாக வேண்டும். வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்தால்தான் அவருக்கு உயிர். தீவில் இருந்த ஒரே மெக்கானிக் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு ஒசாகாவில் மகன் வீட்டில் படுத்திருக்கிறார்.

நவம்பர் 8, சனி

அவர் ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டேன். இருபது வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் எஞ்சின் பார்த்தவர். இப்போது டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கைக்குச் சிரமமே கொடுக்கக் கூடாது.

"காத்து போற வால்வுல கரி அடைச்சிருக்கு. ரெண்டே ஸ்க்ரூ. கழட்டு, துடை, மாட்டு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

ஹாம்பர்க்கில் வாங்கிய திருப்புளியை எடுத்துக் கொடுத்தார். வேறெதையும் தொட விடமாட்டார். வைத்து அழுத்தித் திருப்பினேன். கிர்ரென்று வழுக்கி மேலே ஏறியது. மறுபடியும் அதேதான்.

"அழுத்திப் பிடிம்மா! சோறு சாப்பிடலையா நீ?"

"அப்ப நீங்களே வந்து கிழிங்க!" என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? எழுந்து வந்து அந்தக் கையையும் கொடுத்துத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தோப்பில் காய் பறித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. திருகுக்குத்தான் ஆயிற்று. கூட்டல் குறி போலிருந்த பள்ளம் இப்போது வெறும் வட்டக் குழி.

எண்ணெய் அடித்து ஊற விட்டிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு, காலை

"திங்கக்கிழமை ஒரு தடவை விட்டா என்ன ஆயிடப் போகுது?" என்கிறார்.

என்ன ஆகுமா? ஏப்ரலில் ஒரு தடவை விட்டாரே. நுரையீரலில் நீர் ஏறி, படுக்க முடியாமல், மூச்சு விட முடியாமல்... மீட்புப் படகு வந்து தூக்கிக்கொண்டு போனது. மறந்துட்டாரா? மறக்கலை. அதான் எனக்குப் பயமா இருக்கு.

ஆரஞ்சுத் தோப்பும் படகுப் பட்டறையும் வைத்திருக்கும் என் தோழி தட்சுகோவின் வண்டியில் போகலாம் என்றேன். "அறுவடை நேரத்துல அடுத்தவங்க பொழப்பக் கெடுக்கணுமா?" வண்டி ஒரு சாக்கு. மனுஷனுக்குப் போகவே மனசில்லை. எனக்குத் தெரியாதா?

அன்றே, மாலை

கழன்றுவிட்டது! இரண்டும்!

காலையில் எழுதி முடித்த கோபத்தோடு சமையலறை இழுப்பறையில் கிடந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு போனேன், வாணலிக் கைப்பிடி முடுக்குகிற பழசு. இரண்டாவது திருகில் வைத்தேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு, ஒரு திருப்பு, வந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. இரண்டு திருப்புளியின் நுனியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வடிவமே வேறு! அவருடையது நம் ஊர்த் திருகின் பள்ளத்தில் முழுசாக இறங்கவே இல்லை. அதுதான் ஏறி ஏறி வழுக்கியிருக்கிறது.

தலை தேய்ந்ததற்கு என்ன செய்ய? தட்சுகோவின் பட்டறைக்கு ஓடினேன்.

"உங்க வீட்டுக் கப்பல் எஞ்சினியர் என்ன பண்றாரு?"

"உத்தரவு போடுறாரு."

"அதான் ஸ்க்ரூ செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு குறடை எடுத்துக்கொண்டு வந்தாள். வாய்க்குள் பல் வைத்தது. திருகின் தலையை விளிம்போடு சேர்த்துக் கவ்வுகிறது. இருவரும் சேர்ந்து பிடித்துத் திருப்பினோம். டக்கென்று ஒரு சத்தம். போச்சு, உடைஞ்சுது, நாளைக்கு அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. சுற்றியது! இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டோம்.

உள்ளே வால்வு அடிப்பிடித்த சட்டிதான். துடைத்தேன். பழைய திருகுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் அறுகோணக் குழி வைத்த, ஆலன் கீ போடுகிற புதுத் திருகு இரண்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினாள். வீட்டுக்கு வீடு ஆரஞ்சு காய்க்கிற இந்தத் தீவில் நன்றிக்கு ஆரஞ்சு கொடுத்தால் சிரிப்பார்கள். அக்கரையிலிருந்து, உள்ளே மசாலா வைத்துப் பொரித்த கறி பன் வாங்கி வந்து கொடுக்க வேண்டும்.

அவர் இரண்டு நுனியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கப்பல்ல எல்லாம் அந்த ஊர் ஸ்க்ரூ... இங்க வந்தும் இதையே பிடிச்சுக்கிட்டு..." சிரித்துவிட்டார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

பிறகு மெல்லச் சொன்னார். "வண்டியே போதும்னு நின்னுடுச்சு. நமக்கும் போதும்னு நெனச்சேன், மினேகோ."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அதுக்குக் கரி அடைச்சிருந்துச்சு, துடைச்சோம், ஓடுது. உங்களுக்கு வாரத்துல மூணு தடவை துடைக்கணும். அவ்வளவுதானே?"

அவர் ஹாம்பர்க் திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினார்.

நவம்பர் 10, திங்கள்

சாய்தளத்தில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. ஓகுஷி கை தட்டினார். ஆனால் கென்சாகுவை நான்தான் மூன்று தடவை கூப்பிட்டுக் கிளப்ப வேண்டியிருந்தது. வந்தார்.

நவம்பர் 12, புதன்

மருத்துவமனையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தூங்குகிறார்.

காலையில் கண் விழித்தபோது அவர் படுக்கை காலி. குளியலறையில் இல்லை, அடுப்படியில் இல்லை. அப்புறம்தான் வெளியே எஞ்சின் சத்தம் காதில் விழுந்தது. போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையோடு, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? படகு போயிடும், வா!"

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அதையே இங்கே வந்து நர்ஸ் சொல்லித்தான் கவனித்தேன்.