கையெழுத்திட்ட வெற்றுத்தாள்

என் கணவருக்கு,

என் ராஜினாமாக் கடிதத்தை எழுதியது நீங்கள்தான். நான் சட்டசபையில் இருக்கும் நாட்களில், சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாதென்று என் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள்களை உங்களிடம் கொடுத்திருந்தேன். அவற்றில் ஒன்றில், எனக்கு உடல்நலமில்லை, பதவி விலகுகிறேன் என்று எழுதிச் சபாநாயகருக்கு அனுப்பிவிட்டீர்கள்.

“கையெழுத்து உங்களோடதுதானேம்மா?” என்றார் அவர். இல்லையென்று எப்படிச் சொல்வேன்?

“ரெண்டு தடவை எம்.எல்.ஏ.வா இருந்தாச்சு, இனிமே தம்பி நிக்கட்டுமே” என்று போன மாதம் சாப்பிடும்போது சொன்னீர்கள். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் உங்கள் தம்பி போட்டோ எடுக்கப் போட்டுக்கொண்டு போன சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

“உனக்கு என்னம்மா நோய்?” என்று மகள் கேட்கிறாள்.

நாளை காலை பத்து மணிக்குச் சபாநாயகர் முடிவெடுக்கிறார். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதற்குள் வந்து, அதை எழுதியது நீங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி