மகளின் ஆங்கில ஏடு

சுறவம் 14, அறிவன்கிழமை.

திருப்பனந்தாளில் குத்தகை உழவர் கூட்டம். அவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைக் கண்டித்துப் பேசினேன். முடிவில், தமிழோடு ஆங்கிலம் போதும், இந்தி வேண்டா என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

வீடு திரும்பியபோது மகள் பூங்கொடி ஆங்கில இலக்கண வினாக்களுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தாள். நாளை தேர்வு. என்னைக் கண்டதும் ஏட்டை மூடினாள்.

“கொண்டாம்மா, பார்ப்போம்.”

“வேணாம்ப்பா. எதிர்வீட்டு டீச்சர் சொல்லிக் குடுத்துட்டாங்க.”

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தாள். “போன தடவை எல்லா வாக்கியத்தையும் கட்டளை வாக்கியம்னு எழுத வச்சீங்களாம். மேடைன்னு நெனச்சுட்டீங்களா? பத்துல ரெண்டுதான் சரியாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா.”

“அம்மா!” என்று அதட்டினாள் மகள்.

ஆங்கிலத்தில் எனக்குக் கையொப்பமிட மட்டுமே தெரியும். ஊரில் எவரும் இதை அறியார். மகள் அறிந்தே எத்தனை நாள் என்னைக் காத்துவந்தாளோ.

உண்டபின் அவளருகே அமர்ந்தேன். “அப்பாவுக்கும் சொல்லித் தாயேன்” என்றேன். மெய்யாகவே கேட்டேன்.

“போங்கப்பா, உங்களுக்குத் தெரியாததா?” என்றாள், ஏட்டிலிருந்து முகத்தை எடுக்காமல்.

நானும் சிரித்துவைத்தேன்.