நான் இல்லாம ஓடின அஞ்சு நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம்னு ஒரே வரியில எழுதிட்டு மேல போயிடலாம், ஆனா உங்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது, முக்காவாசி சௌக்கியம். மிச்சம் காவாசி அலுப்பு, அது மருந்துக்கு அடங்கற அலுப்பு இல்ல. நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கற சின்னதும் முழுசா சௌக்கியமா இருக்கணும், அது போதும். போன்ல பேசாம எதுக்கு காகிதம்னு கேப்ப. போன எடுத்தா உங்கப்பா பக்கத்துல வந்து உக்காந்துக்கறாரு, நான் ஒண்ணு சொன்னா அவரு ரெண்டு சேத்து சொல்றாரு. நீயும் நான் முடிக்கறதுக்குள்ள, வருவியா மாட்டியா அத மட்டும் சொல்லும்மான்னு நிக்கற. வருவியான்னு நீ கேட்டு அஞ்சு வாரமாச்சு, நான் இந்தா அந்தான்னு இழுத்துக்கிட்டே இருந்தேன். ஏன் இழுத்தேன்னு சொல்லணும்னா முதல்லேருந்து சொல்லணும், பொறுமையா படி, கால நீட்டி வச்சுக்கிட்டு படி.

உங்கப்பா ஏணியிலேருந்து விழுந்து முட்டி ஒடஞ்சது உனக்கு தெரியும். அவரு ஆஸ்பத்திரியில கெடந்த பதினோரு நாள்ல லாண்டரியில என்ன நடந்துதுன்னு உங்கிட்ட நாங்க சொல்லல. சொன்னா நீ அங்க உக்காந்து அழுவ. நம்ம பாய்லர் இருக்கே, அது ஒரு கிறுக்கு, காலையில அத எழுப்பறதுக்கு எந்த வால்வ எத்தன சுத்து தொறக்கணும், எப்ப தட்டணும், எங்க தட்டணும்ங்கறது உங்கப்பாவோட கைக்கு மட்டும்தான் தெரியும். பாய்லர்காரருக்கே தெரியாது, கேட்டா, அண்ணன் தட்டுவாரும்மா, நான் டார்ச் புடிப்பேன்னு சொல்றாரு. பதினாலு வருஷமா டார்ச் புடிச்சிருக்காரு மனுஷன். நாலாவது நாள் அது எழும்பவே இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு போகவேண்டிய பச்சைத் துணி, அதான் ஆபரேஷன்ல டாக்டருங்க போட்டுக்கறதும் மேல போத்தறதும், அது ஒரு நாள் லேட்டா போச்சு. ரெண்டு பேருக்கு ஆபரேஷன் தள்ளி வச்சுட்டாங்க. அதுல ஒருத்தங்க வயசான அம்மா, முந்தின நாளே பட்டினி போட்டு வச்சிருந்தாங்களாம், நம்ம துணி வரலன்னு திரும்ப சாப்பாடு குடுத்து படுக்க வச்சாங்களாம். அத கேட்டதுலேருந்து எனக்கு சோறு எறங்கல.

ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மா, அதான் அங்க துணிக் கணக்கெல்லாம் பாத்துக்கறவங்க, கூப்பிட்டு அனுப்பினாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சுதான் போனேன், திட்டியிருந்தா தேவலாம். உங்க வீட்டுக்காரரு விழுந்தா எங்க ஆபரேஷன் நிக்குதுன்னா, அத யோசிக்காம உங்களை நம்பினது எங்க தப்புதானேன்னு அமைதியா சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டே ஒரு அறை விட்ட மாதிரி இருந்துது. அப்பறம், யாரு வந்தாலும் வராட்டாலும் வேல எப்படி நடக்கும்னு எழுதிக் குடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கறோம்னாங்க. நமக்கு அந்த ஆஸ்பத்திரிதான் உசுரு, மத்த ரெண்டு சின்ன ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் சேந்தாக்கூட பாதி மெஷின் சும்மாதான் நிக்கும். பதினேழு பேரு நம்மள நம்பி இருக்காங்க.

இதுக்குன்னே ஒரு வகுப்பு நடக்குதுன்னு சொன்னாங்க, சின்ன கம்பெனி வச்சிருக்கறவங்களுக்கு. உங்கப்பா கைத்தடிய ஊனிக்கிட்டு வந்தாரு, நானும் கூடப் போய் உக்காந்தேன். நான் பள்ளிக்கூடத்துல உக்காந்தது மொத்தமே மூணு வருஷம், இப்ப போயி பெஞ்சுல உக்காந்தா பக்கத்துல அச்சாபீஸ்காரரு, முன்னாடி பேக்கரிக்காரரு, பின்னாடி கண்ணாடி அறுக்கற ஒருத்தரு. வாத்தியாரு கேக்கறாரு, நாளைக்கு காலையில நீங்க வரலன்னா என்ன நடக்கும்னு. பேக்கரிக்காரரு எந்திரிச்சு, எம்பொண்டாட்டி நிம்மதியா இருப்பான்னாரு. எல்லாரும் சிரிச்சோம், வாத்தியாரும் சிரிச்சாரு. அப்பறம், சரி, ரொட்டிக்கு மாவு யாரு பெசைவான்னு கேட்டாரு, பேக்கரிக்காரரு மெதுவா உக்காந்துட்டாரு. ஒரு தாள் குடுத்தாங்க, மூணு கட்டம். என்ன வேல, யாரு செய்றா, அவங்க இல்லன்னா யாரு. அவ்வளவுதான், இதுக்கு போயி ரெண்டு நாள் வகுப்பான்னு உங்கப்பா முனகினாரு.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டு வச்சு எழுதினோம். பாய்லர்காரரு, இஸ்திரி பக்கம் பாத்துக்கற பெரியக்கா, வேன் டிரைவர் அவசரம், உனக்கு ஞாபகம் இருக்கும், எத சொன்னாலும் என்ன அவசரம் என்ன அவசரம்னு கேட்டே அந்தப் பேரு வாங்கினானே, அவனேதான். பத்தொம்போது வேல வந்துது. பாய்லர் யாரு, அழுக்குத் துணி பிரிக்கறது யாரு, ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசறது யாருன்னு எல்லாம் உங்கப்பா கையாலயே எழுதினாரு. நானும் பெருமையா மடிச்சு எடுத்துக்கிட்டு போயி ஸ்டோர் அம்மாகிட்ட குடுத்தேன். அவங்க கண்ணாடிய ஏத்திக்கிட்டு பாத்தாங்க, எறக்கிக்கிட்டு பாத்தாங்க. இந்த மேற்படி யாருங்கன்னு கேட்டாங்க. அப்பதான் நானே எட்டிப் பாக்கறேன். மூணாவது கட்டத்துல, அவங்க இல்லன்னா யாருங்கற எடத்துல, முதல் வரியில அம்மான்னு எழுதிட்டு கீழ பதினெட்டு வரிக்கும் மேற்படி மேற்படின்னு போட்டு வச்சிருக்காரு. நான்தாங்க அதுன்னேன். இந்தப் பத்தொம்போதும் நீங்க செய்வீங்களான்னு கேட்டாங்க. செய்வேங்கன்னேன், பொய் இல்ல, செஞ்சிருக்கேன். வேன் ஓட்டுவீங்களான்னாங்க. அது மட்டும் வராதுங்கன்னேன். உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னான்னு இழுத்தாங்க, கூட வந்திருந்த உங்கப்பா குறுக்க விழுந்து, அவளுக்கு ஒடம்பு சரியில்லாம போனதே இல்லீங்களேன்னு சொல்றாரு, ஏதோ நல்ல மெஷின் வாங்கின மாதிரி. அந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அந்தப் பார்வையில எனக்கு என்னமோ கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு, ஏன்னு தெரியல.

அந்த வாரம்தான் நீ போன் பண்ணி, டாக்டரு தேதி சொல்லிட்டாங்க, நீ வந்தே ஆகணும், நீ இல்லன்னா எனக்கு யாரும்மான்னு கேட்ட. நான் போன வச்சுட்டு எண்ணிப் பாத்தேன். பத்தொம்போது வரியிலயும் நான், இருவதாவது வரியிலயும் நானா. உனக்கு கோவம் வந்திருக்கும், அம்மா பதில் சொல்லலன்னு. கோவப்படாத, அம்மாவால அன்னைக்கு இன்னொரு பாரத்தத் தூக்க முடியல.

சரி, தாள மறுபடி எழுதினோம். உங்கப்பா முட்டிய புடிச்சுக்கிட்டு பாய்லர் முன்னாடி உக்காந்து, மூணு பேருக்கு தட்டறத சொல்லிக் குடுத்தாரு. எல்லா வரிக்கும் வேற ஆளு வந்துது, புதுசா சேத்த ஒரு வரி மட்டும் காலி. நம்ம எடமே ஓடலன்னா துணிய எங்க தொவைக்கறதுன்னு ஒரு வரி. ஊருல நம்ம அளவுக்கு மெஷின் இருக்கறது ஒருத்தர்கிட்டதான், யாருன்னு உனக்கு தெரியும், உங்கப்பா நுரைன்னு பேரு வச்சிருக்கற அந்த லாண்டரிக்காரரு. ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய காய வைக்கற மெஷினுக்கு ரெண்டு பேரும் போட்டி போட்டு அவரு தூக்கிட்டு போயிட்டாரு, அன்னைக்கிலேருந்து பேச்சில்ல. அந்தாளு பேர இந்தத் தாள்ல எழுதினா நான் தாளையே கிழிப்பேன்னுட்டாரு உங்கப்பா. நானும் எழுத வேணாம்னுதான் சொன்னேன், அவரு மேல மட்டும் பழி போடக்கூடாது.

ஸ்டோர் அம்மா ஒரே ஒரு சோதனை சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் அஞ்சு நாள் லாண்டரிக்குள்ள கால் வைக்கக்கூடாது, போன் கூடாது, அஞ்சு நாளும் துணி நேரத்துக்கு வந்துதுன்னா கையெழுத்து. உங்கப்பாவ உங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேன், அவரு வாய கட்ட முடியாது. நான் வீட்டுலயே இருந்தேன், லாண்டரிக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான். முதல் நாள் அந்தச் செவுத்துலயே காத வச்சுக்கிட்டு நின்னேன் பாப்பா. பாய்லர் கூவறது பத்து நிமிஷம் லேட்டு, எனக்கு கை பரபரங்குது. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். ரெண்டாம் நாள் துணி காயப்போடற சாக்குல மாடிக்கு போயி எட்டிப் பாத்தேன், பெரியக்கா கீழேருந்து பாத்துட்டு, அம்மா உள்ள போறீங்களா இல்ல ஸ்டோர் அம்மாவுக்கு சொல்லட்டுமான்னு கத்தறா. நம்ம கிட்ட வேல பாக்கறவ என்னைய மிரட்டறா.

மூணாம் நாள்தான் கதையே. மத்தியானம் பன்னண்டரைக்கு தண்ணி மோட்டார் பொகைஞ்சு போச்சு. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு நாளைக்குதான் சரி பண்ண முடியும்னுட்டாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு பச்சைத் துணி போயாகணும், மறுநாள் காலையில ஆபரேஷன். தாள எடுத்துப் பாத்தா அந்த வரி காலி. பாய்லர்காரரும் பெரியக்காவும் சட்டத்தயெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நம்ம வீட்டுக் கதவ தட்டியிருக்காங்க. நாலு தடவ. நான் தொறக்கல. அப்ப பாய்லர்காரரு, அம்மா உள்ளதான் இருக்காங்க, நம்மள சோதிக்கறாங்க, தொறக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்காரு. பெரியக்கா, அப்ப நாமளே பாத்துக்குவோம்னு சொல்லி, நேரா நுரை கிட்ட போயி நின்னுட்டா. அண்ணே, எங்க வீட்டுச் சண்டைய நாளைக்கு போட்டுக்கலாம், இது நோயாளிங்க துணின்னாளாம். அவரு உடனே தன்னோட மெஷின்ல இருந்த துணிய வெளிய எடுக்கச் சொல்லிட்டாரு. என்ன அவசரம்ங்கறவன் ஓட்டின ஓட்டுல பெரியக்கா வேன்ல கண்ண மூடிக்கிட்டாளாம். உங்கப்பா ஒம்போது வருஷமா கரிச்சுக் கொட்டின அதே மெஷின்லதான் நம்ம பச்சைத் துணி காஞ்சுது. ஆறு மணிக்கு இருவது நிமிஷம் முன்னாடியே போயிடுச்சு. மறுநாள் மோட்டாரும் சரியாச்சு, மிச்ச ரெண்டு நாளும் துணி நேரத்துக்கு போச்சு.

இப்ப எல்லாரும் என்ன பேசிக்கறாங்க தெரியுமா, அம்மாவுக்கு என்ன நெஞ்சுறுதி, நாலு தடவ தட்டியும் அசையலையேன்னு. ஸ்டோர் அம்மாவே என் கைய புடிச்சு சொன்னாங்க. உண்மைய உங்கிட்ட மட்டும் சொல்றேன், உங்கப்பாகிட்ட சொல்லிடாத. நான் தூங்கிட்டேன் பாப்பா. சாப்பிட்டுட்டு சும்மா தலைய சாச்சேன், அவ்வளவுதான் தெரியும், முழிச்சுப் பாத்தா மணி நாலரை. இந்த லாண்டரி ஆரம்பிச்ச இருவத்திரெண்டு வருஷத்துல வேல நாள்ல பகல்ல நான் கண்ண மூடினதில்ல, அன்னைக்குப் பாத்து பொணம் மாதிரி தூங்கியிருக்கேன். அத விட ஒண்ணு மனச அறுக்குது. நான் முழிச்சிருந்தா அவங்கள அந்தாளுகிட்ட போக விட்டிருக்கவே மாட்டேன். தண்ணி லாரிக்கு சொல்லி, வாளியில மொண்டு ஊத்தி, கெட்டிக்காரத்தனமா ஏதாவது பண்ணி, துணி கண்டிப்பா லேட்டாயிருக்கும். நான் இருந்தாத்தான் ஓடும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அன்னைக்கு நான் இல்லாததாலதான் ஓடிச்சு. இத யாருகிட்டயாவது எறக்கி வைக்கணும்னுதான் இந்தக் காகிதம்.

நுரையோட மெஷின்ல துணி காஞ்சத கேட்டுட்டு உங்கப்பா ஒரு நாள் பூரா மொகத்த தூக்கி வச்சிருந்தாரு. மறுநாள் தாளக் கொண்டான்னு வாங்கி, காலியா இருந்த வரியில அந்தப் பேர எறும்பு மாதிரி சின்னதா எழுதினாரு. எழுத்து தெரியலையேன்னேன், வேணும்னா கண்ணாடி போட்டு படிச்சுக்கட்டும்னாரு. ஸ்டோர் அம்மா கையெழுத்து போட்டுட்டாங்க. டிக்கெட்டும் எடுத்தாச்சு, அடுத்த மாசம் பன்னண்டாந்தேதி கெளம்பறேன், ரெண்டு மாசம் உங்கூடத்தான். உங்கப்பாவ அத்தை பாத்துக்குவா, அவருக்கு அங்க வாய்க்கு நல்ல தீனி, முட்டி தானா சரியாயிடும்.

வரேங்கறதுக்காக எல்லாத்துக்கும் அம்மா அம்மான்னு மட்டும் இருந்துடாத கண்ணு. வலி வந்தா யாரு வண்டி எடுப்பா, மாப்பிள்ளை வேலைக்கு போயிருந்தா யாரு வருவா, பக்கத்து வீட்டுல யாரு கதவ தட்டலாம், எல்லாம் நான் வர்றதுக்குள்ள எழுதி சமையக்கட்டுல ஒட்டி வை. கோவிச்சுக்கிட்டவங்க யாராவது இருந்தா அவங்க பேரையும் எழுது. சத்து மாத்திரைய மறக்காத, ஸ்டூல் மேல ஏறாத, உங்கப்பா புத்தி உனக்கு வேணாம். நல்லபடியா பெத்து எந்திரிக்கணும், புள்ளையும் நீயும் நூறு வருஷம் இருக்கணும், வேற ஒண்ணும் நான் கேக்கல. ஒரே ஒரு விஷயம், அங்க வந்து நான் பகல்ல படுத்துட்டேன்னா, எனக்கே பயமா இருக்கு, இப்பல்லாம் படுத்தா கல்லு மாதிரி போயிடறேன். உனக்கு ஏதாவதுன்னா கதவ தட்டிட்டு போயிடாத. அம்மா சோதிக்கறான்னு நெனச்சுக்காத. உள்ள வந்து புடிச்சு உலுக்கு, தண்ணிய ஊத்து, உனக்குன்னா நான் எந்திரிச்சுடுவேன்.

இப்படிக்கு,
உன்ன நெனச்சுக்கிட்டே பெட்டி கட்டற
அம்மா