நாலு கட்டையும் நாலு உயரம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு இருக்கிறபடி இருக்கிறது, பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள், குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறீர்கள் என்று நானாக நம்பிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சாப்பிட்டாயா என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், நான் அங்கே மழையா என்கிறேன், நீ மழைதான் என்கிறாய், பேச்சு அப்பா பக்கம் திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் அப்பாடா என்றுதான் வைக்கிறேன். ஆனால் போன மாதம் வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய். "அப்பாவுக்கு நான் என்னம்மா செஞ்சேன், ஒம்போது நாள் வந்து கட்டை அறுத்துட்டுப் போனேன், இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள வருவேன்" என்றாய். நான் சரி சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு தட்டச்சு செய்கிறேன். எங்கே நிற்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏன் நிற்கிறேன் என்பது முதலில்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, ஸ்கேன் சென்டர் டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பது. மேசைக்குக் கீழே காலுக்கு ஒரு பெடல் உண்டு, அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் டாக்டர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார், நான் காலை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் நிற்கிற வழியாக இல்லை. பெடல் கெட்டுப்போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தால் என் இடது கால் அதன்மேல் சொகுசாக அழுத்திக்கொண்டு இருக்கிறது. எனக்கு அழுத்துவதே தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன், வேறு யாரையோ கிள்ளியது போல இருந்தது. உனக்குச் சொல்லவில்லை, திட்டாதே. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் ஒரு எலும்பு நரம்பை நெருக்குகிறது என்றார். "இப்படியே உக்காந்துட்டு இருந்தீங்கன்னா இந்தக் கால் ஒருநாள் உங்ககிட்ட சொல்லிக்காமலே போயிடும்மா, பாதி நேரமாவது நின்னு வேலை பாருங்க" என்றார். அதைக் கேட்டுக்கூட எனக்குப் பயம் வரவில்லை. அதே வாரம் ஒரு ரிப்போர்ட் வந்தது, மூளையின் இடது பக்கம் ரத்தக் கட்டு, அப்பாவுக்கு வந்த அதே இடம், கிட்டத்தட்ட அதே அளவு. என் விரல் ஓர் எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. முற்றுப்புள்ளி வைத்து அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். பயப்பட வேண்டியது காலுக்காக இல்லை, இதற்காகத்தான் என்று தோன்றியது, ஆனால் அதற்கும் பயம் வரவில்லை. அப்பா போன இந்த ஏழு மாதமும் இப்படித்தான் இருக்கிறேன். அழுகிறேனா என்று வருகிறவர்கள் எல்லாரும் என் கண்ணைப் பார்க்கிறார்கள், அவர்களுக்காகவாவது கொஞ்சம் அழுதிருக்கலாம்.

நின்று வேலை பார்க்கும் மேசை கடையில் விற்கிறதாம், பட்டனை அழுத்தினால் ஏறுமாம் இறங்குமாம். அந்த வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம் என்று முதலில் கம்ப்யூட்டரைச் சமையல் மேடையில் கொண்டுபோய் வைத்தேன். உயரம் என்னவோ சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் குழாய், நடுவில் யாருடைய கல்லீரலையோ அடித்துக்கொண்டிருக்கிறேன். குக்கர் விசில் அடித்ததும் டாக்டர் சொன்ன ஓர் எண்ணைக் கோட்டைவிட்டேன், ஒரே நாளில் அதற்கு முழுக்குப் போட்டாயிற்று. அப்புறம்தான் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை, நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டுவிடுகிறேன். நின்று சாப்பிடத் தெரிந்தவளுக்கு நின்று அடிக்கத் தெரியாதா. இஞ்சு டேப்பை எடுத்து அளந்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து மூன்று அடி. மேசை இரண்டரை அடி. அரை அடி வேண்டும். அரை அடி என்றதும் எனக்கு வேறெதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நேராகப் போய் மாடிப்படிக்குக் கீழே கையை விட்டேன். அப்பாவின் கட்டிலுக்கு அடியில் நீ வைத்த நாலு கட்டையும் அங்கேதான் இருந்தன. கட்டிலை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தபோது அவர்கள் கட்டையை வேண்டாம் என்றார்கள், "எங்க தரை சமமா இருக்கும்மா, இது எங்களுக்கு ஆகாது" என்றார்கள். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

மாடி வீட்டு பஸ் டிரைவரைக் கூப்பிட்டேன், வாய் ஓயாத மனிதர், ஆனால் கூப்பிட்டால் வருவார். அவர் தோளைக் கொடுத்து மேசையை ஒவ்வொரு மூலையாகத் தூக்க, நான் கட்டையைத் தள்ளினேன். கட்டிலின் கால் நழுவாமல் இருக்க நீ மேலே குடைந்திருந்த குழியில் மேசைக்காலும் உட்கார்ந்தது, கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததால் பழைய துணியைச் சுற்றினேன். திரை கண் மட்டத்துக்கு வர மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வைத்தேன், அது அரை மணியில் நசுங்கியது. அப்பா பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த இரும்பு டூல் பாக்ஸை வைத்தேன், அது அவரைப் போலவே அசையவில்லை. எல்லாம் சரி, மேசைதான் ஆடியது. பேனாவை வைத்தால் உருண்டு விழுகிறது, நான் அடிக்கிற ஒவ்வோர் எழுத்துக்கும் மேசை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறது. முன்னறையில் இந்தச் சுவரோரம் அந்தச் சுவரோரம் என்று நகர்த்தினோம், கட்டையை மாற்றி மாற்றி வைத்தோம், அட்டையை மடித்துச் செருகினோம், அவர் தன் பழைய செருப்பின் அடியைக்கூட அறுத்து வைத்துப் பார்த்தார். நாலு கட்டையும் நாலு உயரம். "இதை அறுத்தவன் கண்ணை மூடிட்டு அறுத்திருக்கான்கா" என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். என் பிள்ளைதான், அவனுக்கு ஆணி அடிக்கவே வராது, பத்து வயதில் ஒரு ஸ்டூலுக்கு அடித்து அத்தனை ஆணியையும் வளைத்தான், அன்றிலிருந்து அவன் அப்பா அவனை ஆணி என்றுதான் கூப்பிடுவார் என்று கதை வேறு சொன்னேன்.

அவர் ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் உன் கையெழுத்து. "சுவர், தலை" என்று எழுதியிருந்தாய். அடுத்ததில் "சுவர், கால்". அடுத்ததில் "ஜன்னல், கால்". நாலாவது கட்டைதான் எல்லாவற்றிலும் உயரம், அதில் "ஜன்னல், தலை" என்று எழுதி அதற்குக் கீழே சின்னதாக "அப்பா சாயும் பக்கம், குறைக்கக் கூடாது" என்று எழுதியிருந்தாய். டிரைவர் அதை இரண்டு தடவை படித்தார். "கட்டை சரியாத்தான் இருக்குக்கா, நாமதான் வேற ரூம்ல வெச்சிட்டோம்" என்றார். அப்பா படுத்திருந்த அந்த அறையின் தரை ஜன்னல் பக்கம் சரிந்து ஒரு மூலை பள்ளமாக இருப்பது எனக்குத் தெரியாதா, அத்தனை மாதம் நான்தானே துடைத்தேன், தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்குத்தானே ஓடும். ஏழு மாதம் தாழ்ப்பாளைப் போட்டுவைத்ததில் தரையே மறந்துபோயிருக்கிறது. நீ கோலிக்குண்டை உருட்டி உருட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டதும், பின்பக்கம் பழைய நிலைச்சட்டத்தை வைத்து அறுத்ததும், கையெல்லாம் கொப்புளமாக உள்ளே வந்ததும் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பா படுத்த புதிதில் நீ வந்திருந்த அந்த ஒன்பது நாளும் எனக்கு உன்மேல் கோபம். வாய் கோணிக் கிடக்கிற அப்பா பக்கத்தில் உட்கார முடியாமல்தான் இவன் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறான் என்று நினைத்தேன். அது பொய்யும் இல்லை என்று உனக்கும் தெரியும்.

மேசையை அந்த அறைக்குக் கொண்டுபோகலாமா என்று அவர் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் செருப்பால் தட்டித் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். உள்ளே போனேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள்காட்டி அப்பா போன தேதியிலேயே நின்றிருந்தது, பிசியோதெரபி பெண் ஒட்டிய கை கால் பயிற்சிப் படம் சுவரில் பாதி பிய்ந்து தொங்கியது. தரையில் நாலு இடத்தில் மட்டும் தூசிக்கு அடியில் சதுரமாக நிறம் வெளுத்துத் தெரிந்தது. அந்த நாலு இடத்திலும் நீ எழுதியபடி கட்டையை வைத்தோம், மேசை நீளத்தில் கட்டிலைவிட ஒரு சாண் குட்டை என்பதால் கால் பக்கத்துக் கட்டைகளை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளினோம். பேனாவை வைத்தேன். உருளாமல் நின்றது. டிரைவர் இரண்டு கையாலும் மேசையை உலுக்கிப் பார்த்துவிட்டு, அறுத்துப்போட்ட தன் பழைய செருப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அங்கேதான் நிற்கிறேன். பதிமூன்று மாதம் எங்கே நின்று அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேனோ, துடைத்தேனோ, ஊட்டினேனோ அதே இடம். என் இடது கைக்கு நேரே அவர் தலை இருக்கும். நீ கட்டிலை அரை அடி தூக்கி வைத்ததால்தான் நான் குனியாமல் நிற்க முடிந்தது, இல்லாவிட்டால் இந்த இடுப்பு அப்போதே போயிருக்கும், அவரை யார் பார்த்திருப்பார்கள். சரியாமல் படுத்திருந்ததால்தான் ஒரு படுக்கைப்புண் வரவில்லை, நர்ஸ்கூட ஆச்சரியப்பட்டாள். முதல் நாள் இங்கே வேலை தொடங்கும்போது குடிக்கத் தண்ணீர் வைத்தேன், என்ன நினைவோ, டம்ளரை விளிம்புவரை நிரப்பி வைத்திருக்கிறேன். ஏன் இப்படி வைத்தோம் என்று யோசித்தபோதுதான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஞாபகம் வந்தது.

நீ ஊருக்குப் போன மறுநாள் காலை. அப்பா இடது கையால் டம்ளரைக் காட்டினார், நிரப்பச் சொன்னார். நிரப்பினேன், இன்னும் என்றார். விளிம்புவரை ஊற்றி, சாப்பிடக் கட்டிலுக்குக் குறுக்கே போடும் பலகையில் வைக்கச் சொன்னார். தலையைத் திருப்பி வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தார். சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது, ஒரு பக்கமும் வழியவில்லை. அந்தக் கோணல் வாயால் கஷ்டப்பட்டு, "ஆணி தேறிட்டான்" என்றார். பிறகும் ஒரு மாதம் தினமும் காலையில் டம்ளர் கேட்பார், பார்ப்பார், சிரிப்பார். எனக்கு அது தொல்லையாக இருந்தது, போர்வை நனைகிறது என்று எரிந்து விழுவேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மருந்து, டயப்பர், ஆஸ்பத்திரி என்று ஓடினதில் மறந்தேன். அவர் போன அன்று, கிளம்பி வராதே, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று சொன்னவளும் நான்தான். இதையாவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். உன் அப்பா உன்னைப் பாராட்டியதை நான் இத்தனை மாதம் என்னிடமே வைத்துக்கொண்டு, நீ எதுவும் செய்யவில்லை என்று உன்னை நினைக்க விட்டுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் கண்ணா. அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நெஞ்சில் ஓரிடத்தில் வலித்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு வலித்தது. நான் அந்த வலியோடு அப்படியே நின்றேன், தண்ணீரைக் கடைசியில்தான் குடித்தேன்.

இப்போது அரை மணி நிற்கிறேன், அரை மணி டிரைவர் கொடுத்த உயர ஸ்டூலில் உட்காருகிறேன். நின்றுகொண்டு பெடலை அழுத்தினால் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் கீபோர்டில் ஒரு விசைக்கு மாற்றிக்கொண்டேன். காலில் கட்டைவிரல் பக்கம் லேசாக உணர்ச்சி வந்திருக்கிறது, மற்ற விரல்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. நீயும் அங்கே பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்க்காதே, உனக்கும் என் இடுப்புதான் வாய்த்திருக்கிறது. மருமகளிடம் சொல்லி நடுநடுவே எழுப்பிவிடச் சொல்.

எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டாயே, இருக்கிற முகத்தோடு வா. அறையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், நாள்காட்டியையும் இன்றைய தேதிவரை கிழித்துவிட்டேன். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நல்லபடி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்துப் பண்ணு. ஒரு விஷயம் மறக்காதே, இந்த மேசை என் உயரத்துக்குத்தான் ஆகும், வந்து இங்கிருந்து நீ வேலை பார்ப்பதானால் உனக்கு இன்னும் நாலு கட்டை அறுக்க வேண்டியிருக்கும். ரம்பம் பின்பக்கச் சுவரில், அன்றைக்கு நீ ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனாயே, அங்கேயே தொங்குகிறது. ஆணியைக் கோணலாகத்தான் அடித்திருக்கிறாய், ஆனால் விழவில்லை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து நிற்கும்
அம்மா