ஐப்பசிக்குக் காத்திருந்த மீன் ரொட்டி

மச்சான்,

நாம் இரண்டு பேரும் சென்னைக்குப் போனோமே, நம் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் அது. அந்தக் கோடையில்தான் சென்னைக்குக் குடிதண்ணீரை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். மறு வருஷம் கொரோனா வந்தது. படிக்காத எனக்கு வருஷம் என்றால் இப்படித்தான், நடந்ததை வைத்துத்தான் அடையாளம். இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொரு கைதான் எழுதுகிறது.

இன்றைக்கு ஐப்பசி முதல் தேதி. காலையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். சதகுப்பை வாசனை வீடெல்லாம் ஏறியது. பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பார்களே, அந்த வாசனை. உடனே நீ நாமம் போட்ட நெற்றியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

உனக்கு ஒரே மகள். சமையல் படிப்பு படித்துவிட்டு, நார்வே பக்கம் ஓடுகிற கப்பலில் ரொட்டி சுடும் வேலைக்குப் போனாள். அவள் அம்மா செத்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் பொழுது சாயும் வரைக்கும் காத்திருந்தோம். அதற்கு மேல் முடியவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது கரும்புக் கொல்லை ஓரத்தில் நின்று, "இனிமே அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டன்டா" என்றாய். கருமாதிக்கு அவள் வந்து சேர்ந்து சொம்பை நீட்டியபோது நீ அதைத் தொடவில்லை. அவள் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனாள். பிறகு சில வருஷம் பேச்சே இல்லை.

கப்பல் வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் சின்னதாக ரொட்டிக் கடை போட்ட பிறகு எனக்குப் போன் செய்தாள். "மாமா, ஒரு சனி ஞாயிறு அப்பாவ இட்டுக்கினு வாங்க. ஒரு தபா என் கையால சாப்புட்டாப் போதும்."

நீ அசையவில்லை. என் வீட்டுக்காரி, உன் தங்கைதான் மடக்கினாள். "போவலன்னா இன்னையோட எனக்கு அண்ணனே இல்ல. இந்த வூட்டுப் பக்கம் வராத."

"பட்டணத்தப் பாக்க வேணா வர்றன். அவளப் பாக்க இல்ல" என்றாய்.

"பட்டணமும் உன்னப் பாக்க ஏங்கிக்கினுதான் கீது, கெளம்பு" என்றேன்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறினோம். மஞ்சள் பையில் பொரியும், வீட்டிலிருந்து பிடித்த ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருந்தாய். அந்தப் பாட்டில் எதற்கு என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கதவைத் திறந்தவள் கையில் தட்டு இருந்தது. மாவை மீன் போலவே முடைந்து, செதில் செதிலாகக் கீறி, பொன் நிறத்தில் சுட்டிருந்தாள். உள்ளே உப்பும் சர்க்கரையும் தடவி ஊறவைத்த வஞ்சிரம். நார்வே மீன் இங்கே வாங்கிக் கட்டாதாம். விடியலிலிருந்து அதே வேலையாக இருந்திருக்கிறாள். அங்கே வேண்டியவர்கள் வந்தால் இதைத்தான் சுடுவார்களாம்.

அப்போதுதான் உன் நெற்றியைப் பார்த்தாள்.

"ப்பா... பொரட்டாசியா?"

புரட்டாசிச் சனிக்கிழமை, மச்சான். அவள் இங்கிலீஷ் மாதக் கணக்கில் நாள் குறித்திருந்தாள். புரட்டாசியிலும் கருவாடு தின்கிற எனக்கும் அது தோன்றவில்லை. போச்சு, வந்த காரியம் கெட்டது என்று நினைத்தேன். சாப்பிடாமல் எழுந்து போக யாராலும் குற்றம் சொல்ல முடியாத காரணம் உன் கைக்கு வந்துவிட்டதே.

நீ மஞ்சள் பையைக் கீழே வைத்தாய். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "உங்கம்மா எதுக்குப் பொரட்டாசி புடிச்சா தெரியுமா? நீ கப்பல் ஏறுன வருசந்தான் ஆரம்பிச்சா. கப்பல் கவுறக் கூடாதுன்னு. அவ போனப்புறம் நான் புடிக்கிறன்."

அவள் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அது புதுச் செய்தி. அவளோடு பேசாத இத்தனை வருஷமும், நீ அவளுக்காகத்தான் வாயைக் கட்டியிருந்தாய்.

அந்த நேரத்தில்தான் மூக்கை உறிஞ்சினாய். "இது இன்னா வாசன? சதகுப்ப மாதிரி கீது."

"அதாம்ப்பா. அங்க மீனுக்கு இந்தத் தழையத்தான் போடுவாங்க."

"நீ பொறந்தப்ப கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக் கடையில வாங்கியாந்து நாந்தான் இடிச்சேன். மூஞ்சியச் சுளிச்சிக்கினே துன்னா உங்கம்மா." தட்டைப் பார்த்துவிட்டு, "மீனு, முட்டை இல்லாதது எதாச்சும் கீதா?" என்றாய்.

எழுந்து ஓடினாள். அந்த நாட்டில் கறுப்புத் தானியத்தில் சுடுகிற தட்டை ரொட்டியை இங்கே கேழ்வரகில் சுட்டு வைத்திருந்தாள். மேலே அதே தழை. நீ ஒடித்து வாயில் போட்டாய்.

"இன்னாடி இது, ஓடு மாதிரி கீது."

"மெல்ல மெல்லத்தாம்ப்பா ருசி."

மென்றாய். தொண்டையில் அடைத்தது. கை பாட்டிலைத் தேடியது. பாட்டில் காலி. பஸ் புழுக்கத்தில் முக்கால்வாசி குடித்தவன் நான்தான். அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள், ஆனால் கொடுக்காமல் நின்றாள். நீட்டப் பயம். நீதான் கையை நீட்டினாய். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வேட்டி நனைய நின்று, "இந்தத் தண்ணிதான் அங்க வரிக்கும் போவுதா?" என்று கேட்டாய். "எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்றாள். பஸ்ஸுக்கு நேரமானதும் என் தோளில் கை வைத்து, "நீ போடா. நான் ஐப்பசி பொறந்து அந்த மீனத் துன்னுட்டு வர்றன்" என்றாய்.

தனியாக வந்து இறங்கிய என்னைப் பார்த்து உன் தங்கை பதறினாள். "எங்கண்ணன் எங்க?"

"மீன் துன்னக் குந்திக்கினு கீறாரு."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஐப்பசி முதல் தேதி நானும் உன் தங்கையும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு சென்னைக்கு வந்து சேர்ந்தோம். நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவள் மீன் ரொட்டியை அறுத்து முதல் துண்டை உன் தட்டில் வைத்தாள். தின்றாய். "உப்பு கம்மி" என்றாய். சொல்லிவிட்டு இரண்டாவது துண்டுக்குத் தட்டை நகர்த்தினாய்.

கொரோனா ஓய்ந்த பிறகு நீ போனாய். அப்போது அவள் ஊரில்தான் இருந்தாள். கடைசித் தண்ணீரை அவள்தான் ஊற்றினாள், நீ விழுங்கினாய். போன தை மாதம் உன் தங்கையும் போய்விட்டாள்.

இந்தப் புரட்டாசி முழுக்க நான் கருவாட்டைத் தொடவில்லை, மச்சான். நாமம் எனக்கு நேராக வராது, கோணலாகத்தான் போட்டுக்கொண்டேன். கப்பலில் இப்போது நம் ஆள் யாரும் இல்லை. ஆனாலும் விடத் தோன்றவில்லை. மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்கும்போது, கடலிலும் இப்படித்தான் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் பிரித்த பொட்டலத்தில் இருந்ததும் அவள் சுட்ட மீன் ரொட்டிதான், அதிலும் உப்பு கம்மி. வேண்டுமென்றே அப்படிச் சுடுகிறாளாம். அந்த மேசையில் உட்கார்ந்த நாலு பேரில் நானும் கிளம்புகிற வயதுக்காரன். அப்புறம் உன் பேரைச் சொல்ல உயிரோடு இருக்கப்போவது ஒருத்திதான். கண்ணைத் துடைத்துத் துடைத்து இதை எழுதிக்கொண்டிருப்பவளும் அவள்தான். உன் மகள், செல்வி.