ஆள் இருக்கும் வீடுகள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருப்பதால்தானே மூன்று மாதமாகக் கடிதமே இல்லை!

கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய் பெரிய ரோடு வழியாகப் போகப்போகிறதாம். லாரி லாரியாக இரும்புக் குழாய் வந்து இறங்குகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுப் பாப்பா கூவிப் பார்த்துவிட்டாள். அங்கிருந்து நம் குவாரிக் குடியிருப்புக்கு ஒரு பீடி தீர்வதற்குள் வந்துவிடலாம் என்கிறார் உன் அத்தான். நீ அந்தக் குடிநீர் அலுவலகத்தில்தானே வரைபடம் போடுகிறாய்? நமக்கும் ஒரு கோடு இழுத்துவிடேன்.

நம் கிணற்றுத் தண்ணீர் எலும்பைக் கெடுக்கும் என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். பாப்பாவுக்குப் பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பார்க்கவே வயிறு எரிகிறது. எதிர்வீட்டுத் தையல்காரருக்கு முட்டி மடங்கவில்லை. மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம்.

இதற்காவது பதில் போடு.

உன் அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். நன்றாகத் திட்டு.

கோடு போடுவதுதான் என் வேலை. எங்கே போடுவது என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஆள் இருக்கும் வீடு குறைந்தது நாற்பது இருந்தால் கிளைக்குழாயும் தொட்டியும் கொடுத்தே ஆக வேண்டும். நம்மிடம் நாற்பத்தொன்று. மார்ச் 3, செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்க வருவார்கள். அன்றைக்கு எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். பூட்டியிருந்தால் ஆளில்லாத வீடு என்று எழுதிவிடுவார்கள்.

தையல்காரரைப் போக விடாதே. அவர் கிளம்பினால் அடுத்தவருக்கும் கால் பரபரக்கும். குழாய் வரும் வரை இருக்கச் சொல். உன் பேச்சை அவர் தட்டமாட்டார்.

மாமா குழாயோடு வருகிறேன் என்று பாப்பாவிடம் சொல்.

உன் தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

தையல்காரரைப் பிடித்து வைத்துவிட்டேன். "மிஷினை மிதிக்கவே முடியல, நான் இருந்து என்னம்மா பண்ணப் போறேன்?" என்றார். "சும்மா உக்காந்திருங்கண்ணே, உங்க கதவு தொறந்திருந்தா போதும்" என்றேன். சிரித்துவிட்டு, கட்டிய மூட்டையை அவிழ்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. கல்யாண வீடு மாதிரி எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. பொழுது சாய்ந்தது, ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் முச்சந்தியில் தண்ணீர் லாரி நிற்கிறது என்று சத்தம் கேட்டது. ஒன்பது நாள் கழித்து வந்த லாரி. விட முடியுமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "குவாரிக்காரங்க கடைசியா நில்லுங்க" என்றார்கள் ஊர்க்காரர்கள், நின்றோம். மதியம் திரும்பி வந்தால் கதவுகளில் சாக்பீஸால் பெருக்கல் குறி. எண்ணினேன், இருபத்தைந்து. கணக்கெடுப்புக்காரர்கள் அப்போது பார்த்து வந்து, தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் வீட்டையெல்லாம் ஆளில்லாத வீடு என்று எழுதிவிட்டார்களடா! தையல்காரர் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர்கள் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறார். "பாத்ததைத்தான் எழுதுவோம், பெரியவரே" என்றார்களாம்.

நீ அங்கே இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் எல்லோரும் தூங்குகிறோம். நீ பிறந்த இடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்கமாட்டார்களா?

உன் அக்கா

மார்ச் 20

அக்கா,

பட்டியல் என் மேஜைக்கே வந்தது. ஆள் இருக்கும் வீடு பதினாறு என்று இருந்தது. அதிகாரி பக்கத்தில் நின்று, "இந்த இடம் உனக்குத் தெரியுமா? நெஜமாவே அவ்வளவு வீடும் காலியா?" என்று கேட்டார். அவராகவே கேட்டார், அக்கா.

"தெரியாது சார்" என்றேன்.

நான் எங்கிருந்து வந்தவன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஒன்பது வருடமாக டவுனில் பிறந்தவன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நானும் இங்கே வாயைத் திறந்து சிரிப்பதில்லை. அன்று மாலையே வரைபடம் முடிந்தது. குழாய் நம்மைத் தொடாமல் ரோட்டோடு நேராகப் போகிறது. அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான்.

உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

திட்டினால் உனக்குச் சோறு இறங்கிவிடும். எனக்கு?

குழாயைப் புதைத்து மண்ணும் மூடியாயிற்று. தையல்காரர் போய்விட்டார். இதோ அதோ என்று நான் நிறுத்தி வைத்த இரண்டு மாதத்தில் இருந்த கொஞ்ச நடையும் போய்விட்டது. நாலு பேர் தூக்கித்தான் ஆட்டோவில் உட்கார வைத்தோம். அப்போதும், "தம்பி மேல கோவப்படாதம்மா, பாவம் அவன் என்ன பண்ணுவான்" என்றார். நீ சொன்ன பதிலை நான் அவரிடம் சொல்லவில்லை. உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. உனக்காக வெட்கப்படுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

அவர் போனதும் ஒவ்வொரு வீடாகக் காலியாகிறது. இப்போது ஆள் இருப்பது பத்தொன்பதில்தான். உன் அத்தானும் வேறு குவாரியில் கேட்டு வைத்திருக்கிறார்.

கோபம் இருக்கிறது. பாசமும் இருந்து தொலைக்கிறது. "மாமா எப்பம்மா குழாயோட வருவாங்க?" என்று பாப்பா கேட்கிறாள். தெரியாது என்று சொன்னேன்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சொல்லிவிட்டேன். அதிகாரியின் அறைக்குள் போய், "சார், அது என் ஊரு. எங்க அக்கா அங்கதான் இருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். அவ்வளவுதான் அக்கா, அவ்வளவேதான். மறு கணக்கெடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நாற்பது வீடு இருந்தால், புதைத்த குழாயிலிருந்து இப்போதும் கிளை எடுக்கலாமாம்.

மே 21, வியாழக்கிழமை. இந்த முறை நானும் கூட வருகிறேன். ஒவ்வொரு கதவையும் நானே தட்டுவேன். போனவர்களையெல்லாம் எப்படியாவது தேடிப் பிடித்து வரச் சொல். தையல்காரருக்கு நானே கார் அனுப்புகிறேன். அன்றைக்கு லாரி வந்தாலும் யாரும் போக வேண்டாம்.

நாற்பது சேராவிட்டாலும் நீ மட்டும் வீட்டில் இரு. உன் கதவைத்தான் முதலில் தட்டுவேன்.

உன் தம்பி

(உறையின் மேல்)

வீடு பூட்டு. அக்கம்பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக.

தபால்காரர், மே 14